திருவொற்றியூர் புல்லட்: ஓர் இயந்திரம் மாறிய வரலாறு



திருவொற்றியூர் என்றதும் தமிழாசிரியர்களாகிய நமக்கு இருவர் நினைவுக்கு வருவர். ஒருவர் அங்குக் கடற்கரையோரம் அடக்கமான பட்டினத்தார். மற்றொருவர் வடிவுடை அம்மனுக்கு மாலை பாடிய இராமலிங்க அடிகள். சென்னையின் வடகோடியில் உள்ள அவ்வூருக்கு மூன்றாவதாக ஒரு புகழும் உண்டு. உலகில் மிக நீண்டகாலம் இடைவிடாது உருவாக்கப்பட்டுவரும் மோட்டார் சைக்கிள்களுள் ஒன்றாகிய புல்லட், அங்கிருந்துதான் தமிழகச் சாலைகளுக்கு இறங்கியது. பக்தி இலக்கியத்தையும் மோட்டாரையும் ஒரே மூச்சில் பேசுவதற்குப் பெரியோர் பொறுத்தருள்க!

இதை எழுதத் தூண்டியது ஓர் ஆறாம் ஆண்டு மாணவனின் கேள்வி. பெற்றோர் ஒருவர் பளபளக்கும் புல்லட்டில் பள்ளி வாசலுக்கு வந்திருந்தார். சுற்றி நின்று பார்த்த பிள்ளைகளுள் ஒருவன் என்னிடம் ஓடிவந்து, "ஐயா, இது பழைய மோட்டாரா, புதிய மோட்டாரா?" என்று கேட்டான். நான் "புதியது" என்றேன். "பிறகு ஏன் பழையது மாதிரி இருக்கிறது? ஏன் பழையது மாதிரி சத்தம் போடுகிறது?" என்றான். அவனுக்கு அப்போது இரண்டு வரியில் விடை சொன்னேன். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் எழுபது ஆண்டுக் கதை இருக்கிறது.

ராயல் என்பீல்டு என்னும் பெயர் இங்கிலாந்தில் பிறந்தது. ரெட்டிச் என்பது ஊசி செய்வதற்குப் பேர்போன நகரம். ஊசி செய்த கைகள் பின்னர் மிதிவண்டி செய்தன. துப்பாக்கி உறுப்புகளும் செய்தன. 'துப்பாக்கியைப் போல் செய்யப்பட்டது' என்பது அந்நிறுவனத்தின் முழக்கமானது இப்படித்தான். 1901இல் முதல் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. 1930களின் தொடக்கத்தில் 'புல்லட்' என்ற பெயர் சூட்டப்பட்டது, அதாவது தோட்டா. இன்று நாம் அறிந்த உருவமும் இயந்திரமும் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தையவை. 1949இல் விற்பனைக்கு வந்த அந்த 350 சிசி வண்டியே இந்தியப் புல்லட்டின் மூதாதை.

1950களின் தொடக்கத்தில் இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்கென 800 புல்லட்டுகளைக் கேட்டது. சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன நாடு, வண்டிகளைக் கப்பலில் இறக்கிக்கொண்டே இருக்க விரும்பவில்லை. உள்நாட்டிலேயே செய்யவேண்டும் என்ற கொள்கை வந்தது. 1955இல் ரெட்டிச் நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கைகோத்து 'என்பீல்டு இந்தியா'வை உருவாக்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1956ஆம் ஆண்டு முழுவதும் அங்கு உருவானவை 163 வண்டிகளே. அவையும் இங்கிலாந்திலிருந்து உறுப்புகளாக வந்து இங்கே பூட்டப்பட்டவை. பின்னர் வார்ப்பு அச்சுகளும் கருவிகளும் கைமாறின. 1960களின் தொடக்கத்திற்குள் வண்டி முழுவதுமே தமிழகத்தில் செய்யப்பட்டது.

இங்கேதான் வரலாறு ஒரு வேடிக்கை செய்கிறது. கருவிகளைச் சென்னைக்குக் கொடுத்த ரெட்டிச், தான் அதே இடத்தில் நிற்கவில்லை. பழைய புல்லட்டில் இயந்திரம் ஒரு வார்ப்பு. கியர் பெட்டி இன்னொரு வார்ப்பு. இரண்டையும் போல்ட்டால் இணைத்துச் சங்கிலியால் விசை கடத்துவர். 1950களின் பிற்பாதியிலேயே ரெட்டிச் 'குருசேடர்' என்னும் 250 சிசி வண்டியில் இரண்டையும் ஒரே உடலாக வார்த்துவிட்டது. 1960களில் அந்த முறையிலேயே ஒரு 'புதிய புல்லட்'டும் செய்தது. அது நெடுநாள் ஓடவில்லை. 1967இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது; 1970இல் பிரிட்டனில் எஞ்சியிருந்த உற்பத்தியும் நின்றது. முன்னேறிய தாய் மறைந்தாள். பழைய பாத்திரத்திலேயே சமைத்துக்கொண்டிருந்த மகள் பிழைத்தாள். 1977இல் சென்னைப் புல்லட்டுகள் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போயின!

சென்னை ஏன் மாற்றவில்லை? மரபின்மேல் கொண்ட பற்று என்று சிலர் எழுதுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைய இந்தியாவில் புதிய ஆலைக்கும் உற்பத்தியைக் கூட்டுவதற்கும் அரசின் உரிமம் வேண்டும். வெளிநாட்டு இயந்திரக் கருவிகளை இறக்குமதி செய்வது பெரும்பாடு. போட்டியோ குறைவு. இராணுவமும் காவல்துறையும் நிலையான வாடிக்கையாளர்கள். இமயமலைச் சரிவில் வண்டி நின்றுபோனால் கையிலுள்ள ஸ்பேனரால் சரிசெய்ய முடியவேண்டும் என்பதே அவர்களின் தேவை. மாற்றவேண்டிய கட்டாயமே இல்லாத இடத்தில் யார் மாற்றுவார்? நாம் இன்று 'மரபு' என்று போற்றுவதில் பாதி, அன்று வேறு வழியில்லாததால் அப்படியே நின்றதுதான்.

நம் நாட்டு நிலை வேறு. மலாயாத் தோட்டங்களில் துரைமார்கள் ஓட்டியவை பிரிட்டிஷ் மோட்டார்கள். என் தாய்மாமா காப்பார் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் ஆலையில் பிட்டராக வேலை செய்தவர். துரையின் பிஎஸ்ஏ மோட்டார் தொலைவில் வரும்போதே, இன்று அதற்கு உடம்பு சரியில்லை என்று ஒலியை வைத்துச் சொல்லிவிடுவாராம். பிறகு, பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ வழியாக ஹோண்டா வண்டிகள் இங்கே வந்தன. 'கப்சாய்' என்று நாம் செல்லமாக அழைக்கும் அந்தச் சிறு மோட்டார் தோட்டத்தையும் பட்டணத்தையும் ஒருசேர வென்றது. எண்ணெய் ஒழுகாது, ஓர் உதையில் கிளம்பும், பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். துரையின் மோட்டாரைச் செய்த பிஎஸ்ஏ நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் வீழ்ந்தது. சந்தையில் உரிமக் காவல் இல்லாத நம் நாட்டில் பழைய இயந்திரத்துக்கு அடைக்கலம் கிடைக்கவில்லை.

அந்த ஒலியைச் சற்று விளக்கவேண்டும். பலர் அதைப் புகைபோக்கியின் வேலை என்றே நினைக்கின்றனர். புல்லட் ஒற்றைச் சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு இயந்திரம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் உள்ளே எரிபொருள் வெடிக்கும். நின்ற நிலையில் நிமிடத்திற்கு 1000 சுற்று என்றால் 500 வெடிப்பு. வினாடிக்கு ஏறக்குறைய எட்டு. பழைய வண்டியை 600 சுற்றுக்கு இறக்கிவிட்டால் வினாடிக்கு ஐந்தே வெடிப்பு. மனிதக் காது ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணக்கூடிய வேகம் அது. சிறிய மோட்டார் 6000 சுற்றில் ஓடும்போது வினாடிக்கு 50 வெடிப்பு. காதுக்கு அது வண்டின் ரீங்காரம்.

இவ்வளவு மெதுவாகச் சுற்றியும் வண்டி அணைந்துபோகாமல் இருப்பதற்குக் காரணம், ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரம். ஒரு வெடிப்பில் பெற்ற விசையைத் தேக்கி வைத்து, அடுத்த வெடிப்புவரை இயந்திரத்தை அது இழுத்துச் செல்கிறது. குயவரின் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அடுத்தது சிலிண்டரின் அளவு. பழைய 350 புல்லட்டில் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். விட்டத்தைவிட ஓட்டம் நீளம். இப்படிப்பட்ட இயந்திரம் வேகமாகச் சுற்றாது. ஆனால் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும். ஏறத்தாழ 18 குதிரைத்திறன்தான். ஆயினும் இருவரையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் முனகாமல் ஏறும்.

அந்த வண்டியைக் கிளப்புவதே ஒரு சடங்கு. சாவியைத் திருப்பி, முகப்பு விளக்கின் மேலிருக்கும் அம்மீட்டர் முள்ளைப் பார்க்கவேண்டும். கிக்கரை மெல்ல அழுத்தினால் முள் நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது என்று அதற்குப் பொருள். இடக்கைப் பக்கமுள்ள சிறு பிடியை இழுத்தால் சிலிண்டரின் அழுத்தம் சற்று வெளியேறும். பிஸ்டனை உச்சியிலிருந்து ஒரு விரல் அளவு தாண்டவிட்டு, பிடியை விட்டு, முழு எடையையும் காலில் ஊன்றி ஓர் உதை. முறை தெரிந்தவருக்கு ஒரே உதை. தெரியாதவருக்கு கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் வீங்கும்! கீழே எண்ணெய் ஒழுகாத புல்லட் என்றால் அதில் எண்ணெயே இல்லை என்று பொருள் எனப் பழைய ஓட்டுநர்கள் கேலி செய்வதுண்டு.

ஓட்டுநருக்குச் சடங்கு என்றால், மெக்கானிக்குக் கைவித்தை. வால்வுகளைத் திறக்க, கீழிருந்து மேலே செல்லும் இரு மெல்லிய கம்பிகள் உண்டு, புஷ்ராடு என்பர். அதில் இடைவெளி மிகுந்தால் 'டிக் டிக்' என்று தட்டும்; குறைந்தால் வால்வு கருகும். இதைச் சரிசெய்ய அளவுகோல் வேண்டாம். பக்கத்து மூடியைக் கழற்றி, கம்பியை இரு விரலால் உருட்டிப் பார்ப்பார். தடையின்றி உருளவேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. உருளுவதற்கும் ஆடுவதற்கும் இடைப்பட்ட அந்த நுண்ணிய நிலையை விரல் நுனி அறியும். அடுத்துக் காதை வைத்து இயந்திரத்தின் எரி நேரத்தைச் சரிசெய்வார். இந்தக் கல்விக்குச் சான்றிதழ் கிடையாது. ஆசானின் பக்கத்தில் நின்று, திட்டு வாங்கிக் கற்றுக்கொள்ளவேண்டிய பாடம் அது.

1984, 1985 ஆண்டுகளில் இந்தியாவின் சந்தை திறந்தது. ஹோண்டா, சுசுகி, யமஹா ஆகியவற்றின் கூட்டில் 100 சிசி வண்டிகள் வந்தன. மலாயாவில் கப்சாய் செய்ததை அங்கே அவை செய்தன. என்பீல்டு தடுமாறியது. ஒரு கட்டத்தில் டீசல் புல்லட்டும் செய்து பார்த்தது. விவசாயிகள் பம்புசெட்டு வகை டீசல் இயந்திரங்களைத் தாமே புல்லட்டில் பொருத்தி ஓட்டுவதைக் கண்டு எழுந்த எண்ணம் அது. 325 சிசி; 6.5 குதிரைத்திறன். ஆமையும் வெட்கப்படும் வேகம், ஆனால் சிக்கனத்தில் மன்னன்! 1990களில் டிராக்டரும் லாரியும் செய்துவந்த ஐஷர் குழுமம் நிறுவனத்தைத் தன்வசமாக்கியது. 1994க்குப் பின் மீண்டும் 'ராயல் என்பீல்டு' என்ற பெயர் வந்தது. ஆயினும் 2000ஆம் ஆண்டில் மாதத்திற்கு ஏறத்தாழ 2000 வண்டிகளே விற்றன. மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அவ்வேளையில் பொறுப்பேற்றவர், உரிமையாளரின் மகனும் இருபத்தாறு வயது இளைஞருமான சித்தார்த்த லால். அவரே ஒரு புல்லட் ஓட்டுநர்.

போட்டியைக்கூடச் சமாளிக்கலாம், சட்டத்தைச் சமாளிக்க முடியாது. இந்திய அரசு 1990களிலிருந்து வாகனப் புகைக்கு வரம்பு விதித்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை இறுக்கிக்கொண்டே வந்தது. 1940களில் வரையப்பட்ட வார்ப்பிரும்புச் சிலிண்டர் அந்த வரம்புக்குள் நெடுநாள் நிற்க முடியாது. வார்ப்பிரும்பு வெப்பத்தை மெதுவாகவே வெளிவிடும். அலுமினியம் அதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு விரைவாகக் கடத்தும். இயந்திரத்தின் வெப்பம் கட்டுக்குள் இருந்தால்தான் எரிபொருளைச் சுத்தமாக எரிக்க முடியும்.

ஆஸ்திரியாவின் ஏவிஎல் என்ற ஆய்வு நிறுவனத்தின் உதவியுடன் முழு அலுமினிய இயந்திரம் ஒன்று உருவாயிற்று. 2000ஐ ஒட்டி மச்சிஸ்மோ வண்டியிலும், 2002இல் தண்டர்பேர்டிலும் அது வந்தது. அதிகம் சூடேறாது, பெட்ரோல் குறைவு, பழுதும் குறைவு. எல்லா அளவுகோலிலும் பழையதைவிட நல்ல இயந்திரம். ஆனால் பழைய இரசிகர்கள் முகம் சுளித்தனர்: "இதில் அந்தத் துடிப்பு இல்லை!" நிறுவனமும் துணிந்து ஒரு பக்கம் சாயவில்லை. வார்ப்பிரும்புப் புல்லட்டும் அலுமினிய வண்டியும் சில ஆண்டுகள் ஒரே கடையில் அருகருகே விற்கப்பட்டன. கியரிலும் அதே கதைதான். பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். உலக வழக்கோ அதற்கு நேர்மாறு. எலக்ட்ரா என்னும் வண்டியை நான்கு கியருடன் வலப்பக்கமாகவும், ஐந்து கியருடன் இடப்பக்கமாகவும் இரு வகையாக விற்றார்கள். காலின் பழக்கத்தைக்கூடப் பகைத்துக்கொள்ள அஞ்சினார்கள்.

இந்த அனுபவம் ஒன்றைத் தெளிவாக்கியது. பழையதில் எதை நீக்கலாம், எதை நீக்கக்கூடாது என்று முதலில் அறியாமல் புதியது செய்யமுடியாது. 2008இல் வெளிவந்த யூசிஇ இயந்திரம் அந்தக் கேள்விக்கான விடை. இயந்திரமும் கியர் பெட்டியும் முதன்முறையாக ஒரே உடலாயின. ஆம், ரெட்டிச் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததுதான்! பாயிண்ட் போயிற்று, மின்னணு வந்தது. ஒழுகும் இணைப்புகள் குறைந்தன. புஷ்ராடுக்கு அடியில் எண்ணெய் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு வந்தது. 500 சிசி வண்டியில் கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருள் தெளிப்பான் வந்தது.

இனி எஞ்சியதைப் பாருங்கள். 350இல் விட்டம் 70 மில்லிமீட்டர். ஓட்டம் 90 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை! கனத்த ஃப்ளைவீல் நின்றது. ஒற்றை நிமிர்ந்த சிலிண்டர் நின்றது. உலகில் பெரும்பாலோர் எப்போதோ கைவிட்ட புஷ்ராடும் நின்றது. பொறியாளர்கள் ஒலியை அளவெடுத்து ஆராய்ந்தே இதைச் செய்தனர். ஒலி மாசுச் சட்டம் இருப்பதால் பழைய முழக்கத்தை முழுமையாகக் கொண்டுவர இயலாது. ஆனால் தாளத்தைக் காக்கலாம். ஒலி உரக்கக் கேட்பது வேறு, இடைவெளிவிட்டுக் கேட்பது வேறு என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். இதுவே இந்த வரலாற்றின் மிக நுட்பமான இடம் என்பது என் கருத்து. 2008இல் ஜெர்மனியில் அறிமுகமாகி, 2009இல் இந்தியாவுக்கு வந்த 'கிளாசிக்' வண்டி இந்த இயந்திரத்தைச் சுமந்தது. விற்பனை சரசரவென ஏறியது. 2010ஐ ஒட்டி, வார்ப்பிரும்புப் புல்லட் ஓசையின்றி விடைபெற்றது.

ஒலியை உயிராகக் கருதுவது நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தன் இயந்திர ஒலியையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய 1994இல் விண்ணப்பித்தது. ஆறு ஆண்டு வழக்காடலுக்குப் பின் 2000இல் கைவிட்டது. பிரிட்டனில் மீண்டெழுந்த டிரயம்ப் நிறுவனம் பழைய பெயரான போன்வில்லைப் புது இயந்திரத்துடன் கொண்டுவந்தது. பின்னர் எரிபொருள் தெளிப்பானைப் புகுத்தியபோது அதன் வெளிக்கூட்டைப் பழைய கார்புரேட்டர்போலவே செய்து ஒட்டியது! வெளியே கார்புரேட்டர், உள்ளே கணினி. எனக்கு இது தெருக்கூத்து வேடமாகவே படுகிறது. சென்னை யூசிஇ இயந்திரத்தில் வேடம் குறைவு. அதன் தாளம் உண்மையிலேயே நீண்ட ஓட்டத்திலிருந்தும் கனத்த சக்கரத்திலிருந்தும் பிறந்தது.

அடுத்த நெருக்கடி 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் 6 புகை விதி. 500 சிசி வண்டிகள் அதோடு முடிந்தன. இதற்கு ஆயத்தமாக, 2017இல் இங்கிலாந்தின் லெஸ்டர்சயரில் நிறுவனம் ஓர் ஆய்வு மையம் திறந்திருந்தது. ரெட்டிச்சிலிருந்து சென்னைக்குப் போன வண்டிக்கு இங்கிலாந்தில் மீண்டும் ஒரு மேசை போடப்பட்டது. சென்னைக் குழுவும் அந்த மையமும் சேர்ந்து செய்த ஜே வரிசை 350 இயந்திரம் 2020இல் மீட்டியோரிலும், 2021இல் கிளாசிக்கிலும், 2023 செப்டம்பரில் புல்லட்டிலும் ஏறியது.

இம்முறை புஷ்ராடும் போயிற்று. வால்வுகளை மேலிருந்தே திறக்கும் அமைப்பு வந்தது. அதிர்வைத் தணிக்க எதிர்த்திசையில் சுற்றும் தண்டு ஒன்று வந்தது. விட்டம் 72, ஓட்டம் 85.8 மில்லிமீட்டர். புனித எண்களாக நின்ற 70உம் 90உம் விடைபெற்றன. ஆனாலும் விட்டத்தைவிட ஓட்டம் நீளம் என்ற விதி மட்டும் மீறப்படவில்லை. இப்போது ஒரு கணக்கு. யூசிஇ 350இன் ஆற்றல் 19.8 குதிரைத்திறன், ஜே வரிசையின் ஆற்றல் 20.2. பன்னிரண்டு ஆண்டு ஆராய்ச்சி, இரு நாட்டு மூளை, முற்றிலும் புதிய வடிவமைப்பு. கூடியது 0.4 குதிரைத்திறன்! முறுக்கு விசையோ 28இலிருந்து 27 நியூட்டன் மீட்டராகக் குறைந்தது. அதே அளவு இயந்திரத்தில் இதைவிட அதிக ஆற்றலை எடுப்பது கடினமன்று. வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதே நிறுவனம் 2018இல் 648 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டிகளையும், 2023இல் நீர்க் குளிர்விப்புடன் 452 சிசி ஹிமாலயனையும் செய்து காட்டியது. திறமை இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. 350ஐ மட்டும் வேண்டுமென்றே மெதுவாக வைத்திருக்கிறார்கள்.

2008இல் புஷ்ராடு இல்லாமல் புல்லட் இல்லை என்று கருதப்பட்டது. 2020இல் அதே உறுப்பு மூச்சுப் பேச்சின்றி நீக்கப்பட்டது. அப்படியென்றால் 'தனித்தன்மை' என்பது எந்த உறுப்பில் இருந்தது? எழுத்துச் சீர்திருத்தத்தை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை. தமிழாசிரியன் பழக்கம் விடாது. 1978இல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. லை, ணை, னை, ளை ஆகியவற்றின் யானைத் துதிக்கை போன்ற கொம்பு போயிற்று. என் தாத்தாவின் கடிதங்களில் அக்கொம்புகளைக் கண்டு சிறுவயதில் வியந்திருக்கிறேன். அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சுக்கும் அது பெரும் உதவி. ஆனால் பெரியார் எழுதிய 'அய்', 'அவ்' முறையை அரசு ஏற்கவில்லை; ஐயும் ஔவும் நின்றன. எது நிற்கும், எது போகும் என்பதை எழுத்து தானே முடிவு செய்யவில்லை. யாரோ ஒருவர் ஒரு மேசையில் அமர்ந்து முடிவு செய்தார்.

புல்லட்டில் அந்த மேசையில் அமர்ந்தவர்கள் ஓட்டுநரின் காதையும் உடலையும் மனத்தில் வைத்து முடிவு செய்தார்கள். அவருக்குத் தாளம் கேட்கிறது, மெல்லிய அதிர்வு கிடைக்கிறது, எரிபொருள் தொட்டியின் கண்ணீர்த்துளி வடிவம் கண்ணுக்குத் தெரிகிறது, கணுக்காலும் பிழைத்தது. இவை நல்ல முடிவுகள். ஆலை பிழைத்தது இவற்றால்தான். 2024-25 நிதியாண்டில் நிறுவனம் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை விற்றது. 2000ஆம் ஆண்டின் நிலையை எண்ணினால் இது மலைப்பூட்டும் எண்.

ஆனால் அந்த மேசையில் மெக்கானிக்கு நாற்காலி போடப்படவில்லை. பழைய புல்லட்டின் தனித்தன்மையில் ஒரு பாதி ஓட்டுநரின் காதில் இருந்தது. மறுபாதி மெக்கானிக்கின் விரலில் இருந்தது. முதல் பாதியைக் கணினி வைத்து அளந்து காத்தார்கள். இரண்டாம் பாதியை அளக்கவே இல்லை. தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு வந்த நாளில் கம்பியை உருட்டிப் பார்க்கும் விரலுக்கு வேலை போயிற்று. பாயிண்ட் போன நாளில் எரி நேரத்தைக் கேட்ட காதுக்கும் வேலை போயிற்று. எரிபொருள் தெளிப்பானைச் சோதிக்க ஒரு கருவியைச் செருகி, அது காட்டும் குறியீட்டைப் படிக்கவேண்டும். அந்தக் கருவி நிறுவனத்தின் பணிமனையில் இருக்கும். மரத்தடிப் பட்டறையில் இராது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரி உறுப்புகளை வைத்துக்கொண்டு எந்தப் புல்லட்டுக்கும் உயிரூட்டிவந்த கைகள் பல. பழைய வண்டிகள் ஓடும்வரை அவர்களுக்கு வேலை உண்டு. புதியவற்றில் எண்ணெய் மாற்றலாம், சங்கிலி இறுக்கலாம்.

புகை விதியைக் குறை சொல்ல நான் வரவில்லை. பள்ளி விடும் நேரத்தில் பெட்டாலிங் ஜெயாவின் சாலையோரம் பிள்ளைகளுடன் நிற்பவனுக்கு அந்த விதியின் அருமை தெரியும். ஒழுகாத, கருகாத இயந்திரம் வேண்டாம் என்று எந்த மெக்கானிக்கும் சொல்லமாட்டார். என் தாய்மாமாவே கடைசிக் காலத்தில் கப்சாய்தான் ஓட்டினார். ஆயினும் 'மரபு மாறாமல் புதுப்பித்தோம்' என்று விளம்பரங்கள் சொல்லும்போது, யாருடைய மரபு என்று கேட்கத் தோன்றுகிறது.

நம் நாட்டிலும் புதிய 350 வண்டிகள் அவ்வப்போது கூட்டரசு நெடுஞ்சாலையில் தென்படுகின்றன. 250 சிசிக்கு மேற்பட்டவை என்பதால் 'பி2' உரிமம் வைத்திருப்போர் ஓட்டமுடியாது; அதனால் கப்சாய்க் கூட்டத்தில் அவை அபூர்வம். அடுத்தமுறை ஒன்றைக் கண்டால் அதன் எரிபொருள் தொட்டியை உற்றுப் பாருங்கள். புல்லட்டின் தொட்டியில் ஓடும் அந்தப் பொன்னிறக் கோட்டை இன்றும் சென்னையில் தூரிகை பிடித்துக் கையால் வரைகிறார்கள். அடிமட்டம் வைப்பதில்லை. கை நடுங்கினால் கோடு கெட்டுவிடும். இயந்திரத்திற்குள் இருந்த கைவேலைகள் ஒவ்வொன்றாகப் போன பிறகும், வாங்குபவர் கண்ணில் படும் இந்த ஒன்றை மட்டும் நிறுவனம் விடவில்லை.